பிரசவத் தையல்: பின்வாசலில் (ஆசனவாயில்) விரல் வைத்துப் பார்க்காமல் தைக்க விடாதீர்கள்

களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரி. தலைப்பிரசவம். தலையை உறிஞ்சி இழுக்கும் வாக்யூம் வைத்தும் பிள்ளை வராததால் ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கி போட்டு எடுத்தார்கள், எடை 3.8 கிலோ. கிழிசலை லேபர் ரூம் கட்டிலிலேயே மரத்துப்போகும் ஊசி போட்டுத் தைத்தார்கள். டிஸ்சார்ஜ் தாளில் "எபிசியோட்டமி (பிள்ளை வர வழியை அகலப்படுத்தப் போடும் வெட்டு) தைக்கப்பட்டது" என்று ஒரே வரி. மூன்றாம் நாள் காற்று கட்டுப்படாமல் பிரிந்தது. கேட்டதற்கு, "முதல் பிள்ளைக்கு அப்படித்தான், போகப்போகச் சரியாகும்" என்றார்கள். வீட்டில் வேது வைத்துக் குளிப்பாட்டினார்கள். ஒன்பதாம் நாள் பிறப்புறுப்பு வழியாக மலம் வந்தது.

அந்தப் பெண்ணுக்கு இருந்தது நான்காம் நிலைக் கிழிசல். தோலும் பிறப்புறுப்பின் உட்சவ்வும் மட்டும் கிழிந்தால் முதல் நிலை. அடித்தசையும் கிழிந்தால் இரண்டு. ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் சுருக்குத்தசை கிழிந்தால் மூன்று. மலக்குடலின் உட்சவ்வும் திறந்துகொண்டால் நான்கு. தலைப்பிரசவம், பெரிய பிள்ளை, ஃபோர்செப்ஸ் மூன்றும் சேர்ந்த இடத்தில் மூன்றோ நான்கோ இருக்கலாம் என்று எண்ணித்தான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

கண்ணால் பார்த்தால் போதாது. சுருக்குத்தசை எப்போதும் இறுக்கத்திலேயே இருப்பது. அறுந்ததும் இரு முனைகளும் பக்கவாட்டுச் சதைக்குள் இழுத்துக்கொண்டு மறைந்துவிடும். மேலே தெரிவது சாதாரணக் கிழிசல் போலவே இருக்கும். ஆசனவாய்க்குள் ஒரு விரலும் பிறப்புறுப்புக்குள் கட்டைவிரலும் வைத்து நடுவில் உருட்டிப் பார்த்தால்தான் தசை இருக்கிறதா, இடைவெளி விட்டிருக்கிறதா என்று கைக்குத் தெரியும். தைக்கும் முன் ஒரு முறை, தைத்து முடித்ததும் ஒரு முறை. முடித்தபின் பார்ப்பது, நூல் குடலுக்குள் ஏறிவிட்டதா என்று அறிய. ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாததால்தான் அவருக்கு இந்தக் கதி.

மூன்று, நான்கு நிலைக் கிழிசலை லேபர் ரூமில் தைக்கக் கூடாது. ஆபரேஷன் தியேட்டர் வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், முதுகில் ஊசியோ முழு மயக்கமோ வேண்டும். தசை தளர்ந்தால்தான் உள்ளே போன முனைகளைப் பிடித்து வெளியே இழுக்க முடியும். முதலில் குடலின் உட்சவ்வு, 3-0 என்ற அளவிலான, தானே கரையும் நூலால். அடுத்து உட்சுருக்குத்தசை. பிறகு வெளிச்சுருக்குத்தசை. இவை இரண்டையும் தனித்தனியே தைக்க வேண்டும். வெளித்தசை இறைச்சி போலச் சிவந்திருக்கும். உட்தசை மீன் சதை போல வெளிறி இருக்கும். அனுபவம் இல்லாதவர் உட்தசையை அடையாளம் காணாமலே மூடிவிடுவார். காற்று தானாகப் பிரிவதற்கு அது பெரிய காரணம்.

நமக்குப் பொறுக்கவே முடியாதது இதுதான்: அங்கே நேரம் இருந்தது. ரத்தப்போக்கை நிறுத்திவிட்டால், இத்தகைய கிழிசலை 8 முதல் 12 மணி நேரம் தள்ளித் தைத்தாலும் கெடுதல் இல்லை. களியக்காவிளையிலிருந்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கும் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தைக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் பஞ்சு வைத்து அழுத்தி அனுப்பியிருக்க வேண்டும்.

ஆகவே கூட இருக்கும் அம்மாவோ மாமியாரோ கேளுங்கள்: "எத்தனாம் நிலைக் கிழிசல்? பின்வாசலில் விரல் வைத்துப் பார்த்தீர்களா? வைத்த பஞ்சையெல்லாம் எண்ணி எடுத்தீர்களா?" மூன்று, நான்கு நிலை என்றால் ஆன்டிபயாட்டிக்கும், மலம் இளக லாக்டுலோஸ் சிரப்பும் எழுதித் தர வேண்டும், இறுகிய மலம் தையலைப் பிரிக்கும். தைத்த இரவில் வலி ஏறிக்கொண்டே போனாலோ, மலம் முட்டுவது போல இருந்தாலோ, நாடித்துடிப்பு கூடினாலோ உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று சந்தேகியுங்கள். வலி மாத்திரை கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.

காற்றோ மலமோ கட்டுப்படவில்லை என்றால் கூச்சப்படாமல் அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே வழி விழுந்துவிட்டால், வீக்கமும் சீழும் அடங்க மூன்று மாதம் போலக் காத்திருந்துதான் பெரும்பாலும் தைப்பார்கள். சிலருக்கு அதுவரை வயிற்றில் மலப்பை வைக்க வேண்டி வரும். போகும்போது கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பு) நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. எந்த அடுக்கை எந்த நூலால் தைத்தார்கள் என்பது அடுத்துத் தைக்கப்போகிற டாக்டருக்குத் தேவைப்படும்.