விளம்பரமா, இணையப் பேச்சா, பயனர் விமர்சனமா? ஆங்கிலம் பழக எது கைகொடுக்கும்?

பாடநூலைத் தாண்டி ஆங்கிலம் பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் கண்ணெதிரே கிடப்பதைத்தான் கையில் எடுக்கிறார்கள்: விளம்பரங்கள், கமென்ட்கள், கைப்பேசி அறிவிப்புகள், பொருள் வாங்கியவர்கள் எழுதும் விமர்சனங்கள். நான்கும் அன்றாட ஆங்கிலம்தான். ஆனால் நான்கும் ஒரே ஆங்கிலம் அல்ல. எதை வாசிக்கலாம் என்பது ஒரு கேள்வி, எதைப் பார்த்து எழுதலாம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மாதக்கணக்கில் வாசித்தவர்களும் ஒரு பத்தி எழுதத் திணறுகிறார்கள்.

எதை எடுத்தாலும் முதலில் அளந்து பாருங்கள். அகராதி இல்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள, ஒரு பகுதியின் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வளம் பற்றிய ஆய்வுகளில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதாவது 50 சொல்லுக்கு ஒரு புதுச்சொல். பயிற்சிக்காக வாசிக்கும்போது 100 சொல்லுக்கு ஐந்து வரை தாங்கும். அதற்கு மேல் போனால் அது வாசிப்பாக இருக்காது, அகராதி புரட்டலாகிவிடும். அப்போது வேறு பகுதிக்கு மாறிவிடுங்கள்.

விளம்பரம்: வாசிக்க நன்று, பார்த்து எழுத ஆகாது

விளம்பரத்தின் பலம் சுருக்கம். 30 நொடி விளம்பரத்தில் ஏறத்தாழ 75 சொற்கள்தான் கொள்ளும். ஐந்து முறை கேட்டாலும் மூன்று நிமிடம் ஆகாது. ஓசை நயம் இருப்பதால் மனதில் ஒட்டும். ஆனால் வாக்கியத்தின் எலும்புகளை உருவித்தான் அந்தச் சுருக்கத்தைக் கொண்டுவருகிறார்கள். எழுவாய் போகும், ‘இஸ்’, ‘ஆர்’ போகும், ‘எ’, ‘த’ போகும்.

தமிழ் பேசுபவருக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. ‘இது நல்ல பேனா’ என்று வினைச்சொல்லே இல்லாமல் தமிழில் முழு வாக்கியம் அமைகிறது. ‘த’ போன்ற ஒரு சொல் நம் மொழியில் கிடையாது. ஆக, நாம் ஆங்கிலம் எழுதும்போது பழக்கத்தில் விட்டுவிடுகிற அதே சொற்களைத்தான் விளம்பரமும் விட்டுவிடுகிறது. அதைப் பார்த்து எழுதப் பழகினால் நம் பழைய பிழையே சரியென்று தோன்றிவிடும்.

புகழ்பெற்ற வாசகங்களிலும் இலக்கணம் வளைந்தே நிற்கிறது. 1997-ல் ஆப்பிள் வெளியிட்டது “திங்க் டிஃபரன்ட்”. எப்படிச் சிந்திக்க வேண்டும் என்று சொல்ல, பாடநூல் “டிஃபரன்ட்லி” என்று கேட்கும். 2003-ல் மெக்டொனால்ட்ஸ் தொடங்கியது “ஐ’ம் லவின் இட்”. ‘லவ்’ ஒரு மனநிலை. மனநிலையைச் சொல்லும் வினைகளுக்கு ‘இங்’ சேர்ப்பது வழக்கமல்ல, “ஐ லவ் இட்” என்பதே பொது வடிவம். வளைப்பது தெரிந்தே செய்ததால் அந்த வாசகங்கள் நிலைத்தன. “ஐ ஆம் நோயிங் ஹிம்” என்று மடலில் எழுதினால் யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதற்காக விளம்பரத்தை ஒதுக்க வேண்டியதில்லை. உருவிய எலும்புகளைத் திரும்பப் பொருத்துவதே நல்ல பயிற்சி. “நோ ஃபீஸ். நோ வெயிட்டிங். ஜஸ்ட் பெட்டர் ஸ்லீப்” என்று ஒரு வாசகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழுமையாக்கினால் “தேர் ஆர் நோ ஃபீஸ். யூ டோன்ட் ஹேவ் டு வெயிட். யூ ஜஸ்ட் ஸ்லீப் பெட்டர்” என்று வரும். மூன்றாவதைக் கவனியுங்கள். தூக்கத்தைக் குறித்த பெயர்ச்சொல் வினையாக மாறியதும், ‘பெட்டர்’ முன்னாலிருந்து பின்னால் போய்விட்டது. ‘பெட்டர்’, ‘ஃபாஸ்டர்’, ‘பிரைட்டர்’ என ஒப்பிடும் சொல் வந்தால், எதைவிட என்று கேட்டு ‘தேன்’ சேர்த்து எழுதிப் பாருங்கள். விளம்பரம் அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கும்.

சொல்லுக்குச் சொல் பொருளை எடைபோடும் திறமைக்கு விளம்பரத்தைவிட நல்ல பள்ளி கிடையாது. “அப் டு 50 பர்சன்ட் ஆஃப்” என்றால் தள்ளுபடியின் உச்சவரம்பு 50 விழுக்காடு, பெரும்பாலான பொருள்களுக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கலாம். விலைக்கு முன்னால் வரும் ‘ஃப்ரம்’ அதன் கீழ்வரம்பு. “ஹெல்ப்ஸ் ரெட்யூஸ்” என்பது குறைக்க உதவும் என்று மட்டும் சொல்கிறது, குறைக்கும் என்று வாக்குத் தரவில்லை. “நத்திங் க்ளீன்ஸ் பெட்டர்” இன்னும் நுட்பமானது: இதைவிட நன்றாகச் சுத்தம் செய்வது எதுவுமில்லை. ஆனால் இதே அளவுக்குச் செய்பவை பத்து இருக்கலாம், அப்போதும் வாக்கியம் பொய்யாகாது. ‘ஃப்ரீ’ நிற்கும் இடமும் முக்கியம். “ஃப்ரீ ஷுகர்” என்றால் இலவசச் சர்க்கரை, “ஷுகர்-ஃப்ரீ” என்றால் சர்க்கரையே இல்லாதது.

கமென்ட், சாட்: காதுக்கு நல்லது, கைக்குக் கவனம்

பேச்சின் ஓட்டத்தைக் கற்க இதுவே சிறந்த இடம். பாடநூலில் அதிகம் வராத சின்னச் சின்ன மறுமொழிகள் இங்கே கொட்டிக்கிடக்கின்றன: “மேக்ஸ் சென்ஸ்” (நியாயமாகப் படுகிறது), “ஃபேர் எனஃப்” (சரி, ஒத்துக்கொள்ளலாம்), “சேம் ஹியர்” (எனக்கும் அப்படித்தான்), “இட் டிபென்ட்ஸ்” (இடத்தைப் பொறுத்தது). பணிவாக மறுக்க “ஐ சீ யுவர் பாயின்ட், பட்…” என்று தொடங்குவது அலுவலகத்திலும் செல்லும். இப்படி 30 தொடர்களைச் சூழலோடு எழுதி வைத்துக்கொண்டாலே உரையாடலில் திக்கல் வெகுவாகக் குறையும்.

சிக்கல் என்னவென்றால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இங்கே பிழையோடு எழுதுகிறார்கள். “குட் ஹேவ்” (செய்திருக்கலாம் என்பதில் வரும் ‘இருக்கலாம்’) வேகமாகப் பேசும்போது “குட் ஆவ்” என்று தேயும். அதைக் காதால் கேட்டபடியே, ‘உடைய’ என்று பொருள்படும் ‘ஆஃப்’ என்ற சொல்லைப் போட்டு எழுதிவிடுகிறார்கள். ‘யுவர்’ என்பதையும் ‘யூ ஆர்’ என்பதன் சுருக்கத்தையும் மாற்றி எழுதுவதும் பரவலானது. கற்பவர் இதைப் புதுச்சொல்லாட்சி என்று குறித்துக்கொள்வார். கமென்டில் கண்ட எந்தத் தொடரையும் பயன்படுத்துமுன் அகராதியிலோ செய்தித்தளத்திலோ ஒருமுறை தேடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால், பேச்சில் புரிந்துகொள்ளலாம், எழுத்தில் வேண்டாம்.

நிறுத்தக்குறியும் இங்கே வேறு மொழி பேசும். 2015-ல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 126 மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒற்றைச்சொல் பதிலின் முடிவில் முற்றுப்புள்ளி வைத்த குறுஞ்செய்தி, மனமில்லாமல் அனுப்பியதுபோல் அவர்களுக்குப் பட்டது. அதே பதில் கையால் எழுதிய குறிப்பில் இருந்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. இலக்கணச் சுத்தமாக “ஓகே.” என்று அனுப்புகிறவர் கோபமாக இருப்பதாக நண்பர் நினைக்கக்கூடும்.

அறிவிப்புகள்: இரண்டு வாரப் பாடம்

“யுவர் பாஸ்வேர்ட் ஹாஸ் பீன் சேஞ்ச்ட்.” “யுவர் ஆர்டர் ஹாஸ் பீன் ஷிப்ட்.” செயலிகள் அனுப்பும் அறிவிப்புகளில் பெரும்பகுதி இந்த அச்சில்தான் வரும். இதற்கு நம் மொழியில் அப்படியே இணை இருக்கிறது: ‘மாற்றப்பட்டுள்ளது’, ‘அனுப்பப்பட்டுள்ளது’. நடந்து முடிந்தது, அதன் விளைவு இப்போதும் நிற்கிறது என்ற அந்த ‘உள்ளது’தான் ‘ஹாஸ்’, அதற்கு முன்னால் வரும் ‘பட்டு’தான் ‘பீன்’. இலக்கண வகுப்பில் பலரும் தவிக்கும் வடிவம் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். வரும் அறிவிப்பைத் தள்ளிவிடாமல், தமிழில் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். உதவிப் பக்கங்களில் “இஃப் யூ ஃபர்கெட்…” என்று நிபந்தனை வாக்கியங்கள் கிடைக்கும்.

கூடவே ஒரு நுணுக்கம்: ‘லாகின்’ ஒரே சொல்லாக இருந்தால் பெயர்ச்சொல், ‘லாக் இன்’ இரு சொல்லாக இருந்தால் வினை. இறந்தகாலமாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘லாக்ட் இன்’ என்று சொல்ல முடிகிற இடத்தில் இடைவெளி வேண்டும். ‘பேக் அப்’, ‘சைன் அப்’ இரண்டுக்கும் இதே சோதனை பொருந்தும். நான்கைந்து அச்சுகளோடு இந்த வகை தீர்ந்துவிடும். சேவை விதிமுறைகளின் நீண்ட சட்ட வாசகங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம், அந்த ஆங்கிலம் வேறெங்கும் உதவாது.

பயனர் விமர்சனம்: எழுதக் கற்பவருக்கு முதலிடம்

நான்கில் எழுத்துக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். வாக்கியங்கள் முழுமையானவை, நடை எளிமையானது, எழுதுபவருக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் பொருளின் விமர்சனத்தை எடுத்தால் பாதிப் பொருள் தானாகவே ஊகத்தில் கிடைத்துவிடும்.

ஐந்து நட்சத்திர விமர்சனங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் புகழ்ச்சொற்கள்தான் மிகுதி. ஒற்றை நட்சத்திரத்தில் கோபம் மட்டும் இருக்கும். மூன்று நட்சத்திரத்தில்தான் எழுதுபவர் நல்லதையும் கெட்டதையும் ஒரே வாக்கியத்தில் கட்டியாக வேண்டும்: ‘ஆல்தோ’, ‘எக்ஸெப்ட்’, ‘அதர் தேன் தட்’. கற்பவருக்குக் கடினமான இணைப்புச் சொற்கள் எல்லாம் அங்கே குவிந்திருக்கும். ‘ஃபெல் அபார்ட்’ (பிரிந்து விழுந்தது), ‘வோர் அவுட்’ (தேய்ந்துபோனது), ‘டர்ன்ட் அவுட்’ (கடைசியில் இப்படி ஆனது) போன்ற இரட்டைச்சொல் வினைகளும் நிறைய வரும். எவ்வளவு நாள் பயன்படுத்தினார் என்ற தகவலே இல்லாமல் ஆச்சரியக்குறிகள் மட்டும் நிறைந்ததை விட்டுவிடுங்கள், அது கூலிக்கு எழுதியதாகவும் இருக்கலாம்.

வாசித்த பின் அதே பொருளுக்கு நீங்கள் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். எவ்வளவு காலமாகப் பயன்படுத்துகிறீர்கள், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, முன்பு வைத்திருந்ததோடு ஒப்பிட்டால் எப்படி, யாருக்கு ஏற்றது. முதல் வாக்கியத்திலேயே நம்மவர் வழக்கமாகச் சறுக்கும் இடம் வந்துவிடும். ‘மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதனால் “ஐ ஆம் யூஸிங் இட் ஃபார் த்ரீ மந்த்ஸ்” என்று எழுதுகிறோம். ஆங்கிலம் கேட்பது “ஐ ஹேவ் பீன் யூஸிங் இட் ஃபார் த்ரீ மந்த்ஸ்”. தமிழில் ‘ஆக’ என்ற ஈற்றோடு கால அளவு வந்தால் ‘ஹேவ் பீன்’ தேவைப்படும் என்று நினைவில் வையுங்கள். ‘ஃபீட்பேக்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘சாஃப்ட்வேர்’ மூன்றுக்கும் பின்னால் ‘ஸ்’ சேர்க்கக் கூடாது, ‘டிஸ்கஸ்’ வினைக்குப் பின்னால் ‘அபவுட்’ வராது, ‘ரிப்ளை’க்குப் பின்னால் ஆளைச் சொல்ல ‘டு’ வேண்டும்.

உச்சரிப்புக்கு மட்டும் விமர்சனம் உதவாது, அதற்கு ஒலியுள்ள விளம்பரமே வேண்டும். ‘பர்ச்சேஸ்’ என்று நாம் சொல்வது ஆங்கிலத்தில் ‘பர்ச்சஸ்’. ‘இமேஜ்’, ‘மெசேஜ்’, ‘பேக்கேஜ்’ மூன்றும் ‘இமிஜ்’, ‘மெசிஜ்’, ‘பேக்கிஜ்’ என்றே முடியும். ‘ரிசீட்’டில் ‘ப்’ ஒலிக்காது. ‘அட்வர்டைஸ்மென்ட்’ என்ற சொல்லிலேயே பிரிட்டிஷார் ‘வர்’ மேல் அழுத்தம் வைத்து அட்வர்டிஸ்மென்ட் என்பார்கள், அமெரிக்கர் ‘டைஸ்’ ஒலி தெளிவாகக் கேட்கும்படி சொல்வார்கள். இரண்டும் சரி. காணொளியின் வேகத்தை 0.75-க்குக் குறைத்துக் கேளுங்கள். தானியங்கி வசன வரிகளில் பெயர்களும் சுருக்கச் சொற்களும் அடிக்கடி தவறாக வரும், அவற்றை நம்பி எழுத்துக்கூட்டல் கற்க வேண்டாம்.

நாளுக்கு 25 நிமிடம் இருந்தால் பத்து நிமிடம் மூன்று நட்சத்திர விமர்சனம் ஒன்றிரண்டு வாசிக்க, பத்து நிமிடம் ஐந்து வாக்கியம் எழுத, ஐந்து நிமிடம் ஒரு விளம்பரத்தைக் கேட்டு முழு வாக்கியமாக்க. சாட் தொடர்களுக்குத் தனி நேரம் வேண்டாம், எதிர்ப்படும்போது குறித்துக்கொண்டால் போதும். எழுதியதை அன்றே திருத்தாமல் மறுநாள் எடுத்துப் பாருங்கள். முதல் பார்வையில் வினைச்சொற்களை மட்டும், இரண்டாவதில் ‘எ’, ‘த’ இரண்டையும் மட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேடினால் பாதி கண்ணில் படாது.

இந்த வரிசை ஒருவருக்கு மட்டும் மாறும்: விளம்பர வாசகம் எழுதும் வேலைக்கே போகிறவர். அவரும் முழு வாக்கியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எழுதி முடித்துவிட்டு ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்க்க வேண்டும். எந்தச் சொல்லை எடுத்ததும் பொருள் சிதைகிறதோ, அதை மட்டும் திரும்ப வைத்துவிட வேண்டும்.