அத்திப்பழத் தட்டுக்கு வாய்த்த ரிக்கோட்டா: வல்லொம்ப்ரோசா சீஸ், பெங்களூரு

தங்கையின் மாமனாரும் மாமியாரும் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு மாலையில், அல்சூரிலுள்ள எங்கள் வீட்டில் ஆறு பேருக்கு விருந்து. வடை, பஜ்ஜி என்று எண்ணெயில் தொடங்கினால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது என்பதால், புதுப் பாலாடைக்கட்டியுடன் பழமும் பருப்பும் சேர்த்த ஒரு ஸ்டார்ட்டர் தட்டு வைக்கலாம் என்று தீர்மானித்தேன். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. "திரிஞ்ச பாலையா சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு வைக்கப் போறே?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குத் தட்டுதான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் சீஸைத் தேர்ந்தெடுப்பதில் வழக்கத்தைவிட அதிகக் கவனம் எடுத்துக்கொண்டேன்.

நான் வாங்கியது வல்லொம்ப்ரோசா தயாரிப்பான ரிக்கோட்டா என்ற இத்தாலியப் புதுச் சீஸ். வல்லொம்ப்ரோசா என்பது 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் தோன்றிய துறவியர் சபை ஒன்றின் பெயர். அச்சபையைச் சேர்ந்த அருட்தந்தை கே. எல். மைக்கேல் இத்தாலியில் சீஸ் செய்யும் முறையைக் கற்றுவந்து, பெங்களூருவிலேயே அதைச் செய்யத் தொடங்கினார். மொசரெல்லா, புர்ராட்டா போன்ற இத்தாலியச் சீஸ்கள் வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் உண்டு என்றிருந்த நகரத்தில், இங்கேயே செய்து இங்கேயே விற்கும் சீஸ் கிடைப்பதன் அருமை புதுச் சீஸைப் பொறுத்தவரை மிகப் பெரியது. முதிர வைத்த சீஸ் கப்பலில் வரலாம். ரிக்கோட்டாவுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு.

இத்தாலிய மொழியில் ரிக்கோட்டா என்றால் 'மறுபடியும் சமைத்தது' என்று பொருள். வேறொரு சீஸுக்காகப் பாலைத் திரித்துக் கட்டியை எடுத்தபின் எஞ்சும் தெளிநீரில் இன்னும் சிறிது புரதம் கரைந்திருக்கும். அதை 80 முதல் 90 டிகிரி வரை சூடாக்கி, தேவைப்பட்டால் சற்றுப் புளிப்பும் சேர்த்தால், அந்தப் புரதம் மேகம்போல் திரண்டு மேலே வரும். அதை அள்ளி வடியவிட்டால் ரிக்கோட்டா. பல இடங்களில் இதனுடன் பாலையோ கிரீமையோ சேர்ப்பதும் உண்டு. நம் பன்னீர் முழுப்பாலைத் திரித்து, பாரம் வைத்து அழுத்தியெடுப்பது. ரிக்கோட்டாவை அழுத்துவதில்லை என்பதால் அதன் பதம் ரவையளவு மணிகளாக, கரண்டி பட்டதும் குழையும்படி இருக்கிறது. பன்னீரைப் பொடித்துப் போட்டாலும் ஆகும் என்பவர்கள் ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டும்.

மூடியைத் திறந்ததும் வந்தது காய்ச்சிய பாலின் இளம் இனிப்பு மணம் மட்டுமே. புளிப்பு வாடையோ, குளிர்சாதனப் பெட்டியின் பழைய நாற்றமோ சிறிதும் இல்லை. உப்பு இல்லாததுபோல் நாவில் தோன்றியது. பழத்துடன் வைக்கும் சீஸுக்கு அதுதான் சரி. இதற்கு முன் பேரங்காடியில் வாங்கிய வேறொரு தயாரிப்பு மாவுப்பசைபோல் நாக்கில் ஒட்டியதையும், அதன் உட்பொருள் பட்டியலில் கெட்டியாக்கும் கோந்து இருந்ததையும் நினைத்துப் பார்த்தால், இந்த ரிக்கோட்டா வாயில் கரைந்து மறைந்த விதம் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

எந்த நல்ல ரிக்கோட்டாவும் நீர் விடும். அது குறையன்று, அதன் இயல்பு. 250 கிராம் ரிக்கோட்டாவை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் விட்டேன். அடியில் வைத்த கிண்ணத்தில் கால் டம்ளர் அளவுக்குத் தெளிநீர் சேர்ந்திருந்தது. அதைச் சப்பாத்தி மாவுக்கு வைத்துக்கொண்டு, வடிந்த சீஸில் ஒரு சிட்டிகை உப்பும், எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் துருவிய துருவலும், ஒரு தேக்கரண்டி கிரீமும் சேர்த்து அடித்தேன். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைப்பது அவசியம், ஏனெனில் சில்லென்று இருக்கும் சீஸில் பாலின் மணம் எழுவதில்லை.

பழங்களை 1927இல் கட்டப்பட்ட ரசல் மார்க்கெட்டில் வாங்கினேன். காம்பருகே சற்றே தளர்ந்து, அடியில் தேன் துளிபோல் ஈரம் கசியும் அத்திப்பழமே பழுத்த பழம். விறைப்பாக இருப்பதை வாங்கி வீட்டில் பழுக்க வைக்க முடியாது. அதனுடன் நம் ஊரின் பெங்களூர் நீலத் திராட்சை. புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சையின் தடித்த தோலும் கொட்டையும் பலருக்குப் பிடிப்பதில்லை என்றாலும், இரண்டாகப் பிளந்து கொட்டையை நீக்கிவிட்டால், அதன் அழுத்தமான மணத்துக்கு முன் விதையில்லாப் பச்சைத் திராட்சை வெறும் இனிப்பு நீர்தான். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும்: கிவி, அன்னாசி, பப்பாளி மூன்றையும் சமைக்காமல் அப்படியே இந்தச் சீஸின்மேல் வைக்கக் கூடாது. அவற்றிலுள்ள நொதிகள் பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். ஓர் ஆண்டுக்கு முன் கிவி வட்டங்களை அழகாக அடுக்கி ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாறி, விருந்தினர் ஒருவர் பேசாமல் தட்டை நகர்த்தி வைத்ததைப் பார்த்தபின்தான் நான் இதைத் தேடிப் படித்தேன்.

காஷ்மீர் வால்நட்டை இரும்புச் சட்டியில் சிறு தீயில் ஆறேழு நிமிடம் வறுத்து, சூட்டோடு துணியில் தேய்த்தால் துவர்க்கும் மேல்தோல் பெருமளவு உதிர்ந்துவிடும். தட்டில் சீஸைப் பரப்பி, கரண்டியின் முதுகால் நடுவில் குழி செய்து, நான்காகப் பிளந்த அத்தியைச் செந்நிற உட்பகுதி மேலே தெரியும்படி அடுக்கி, திராட்சையையும் வால்நட்டையும் இடையிடையே வைத்து, கடைசியில் குடகுத் தேனை நூல்போல் விட்டு, இடித்த மிளகைத் தூவினேன். உடன் மெல்லியதாக வாட்டிய ரொட்டித் துண்டுகள். தேனை முன்கூட்டியே ஊற்றினால் சீஸ் மறுபடியும் நீர் விடும்.

சைவ விருந்தினர் வரும் வீடுகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ரிக்கோட்டாவில் நேரடியாக உறைபொருள் (பாலைக் கட்டியாக்கும் ரென்னெட்) சேர்ப்பதில்லை என்றாலும், அதன் மூலமான தெளிநீர் உறைபொருள் இட்ட சீஸிலிருந்து வந்ததாக இருக்கலாம். அந்த உறைபொருளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பதும் உண்டு, நுண்ணுயிரிலிருந்து எடுப்பதும் உண்டு. எனவே எந்தத் தயாரிப்பாக இருந்தாலும் பச்சைப் புள்ளியைப் பார்த்தே வாங்குங்கள், ஐயமிருந்தால் கேளுங்கள்.

பன்னீரைவிட ரிக்கோட்டா விலை கூடியது, திறந்தபின் இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடவும் வேண்டும். ஆகவே விருந்துக்கு முதல் நாள், தேவையான அளவு மட்டுமே வாங்குவது நல்லது. இந்தத் தட்டுக்கு நான் இனி வேறொன்றைத் தேடப் போவதில்லை. அன்று சம்பந்தியம்மா செய்முறையைக் கேட்டபோது, எனக்கு முன்பே அம்மா சொல்லத் தொடங்கினார்: "முதல்ல துணியில கட்டி வடியவிடணும், சம்பந்தி."