கோ-லிவிங் குடியிருப்பில் 14 மாதங்கள்

முதல் வாரத்தில் எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். கோ-லிவிங் என்றால் ஆளுக்கோர் அறை, சமையலறை போன்றவை எல்லோருக்கும் பொது. ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினேன். கட்டில், மேசை, துணி துவைக்கும் இயந்திரம், இணையம், மின்சாரம் எல்லாமே மாத வாடகைக்குள் அடக்கம். மூன்றாம் மாதம் எழுதியிருந்தால் ஒரு நட்சத்திரம்கூட மிஞ்சியிருக்காது.

எங்கள் தளத்தில் 12 அறைகள், ஒரே சமையலறை. பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள்; மீதிப் பேர் என்னைப் போல மடிக்கணினியையே அலுவலகமாகக் கொண்டவர்கள். இந்த இரு கூட்டமும் ஒத்துப்போகாது என்று பயமுறுத்தியிருந்தார்கள். தேர்வு வாரங்களைத் தவிர அப்படி எந்தச் சண்டையும் வரவில்லை. பிளவு வேறு இடத்தில் இருந்தது: நான்கு வாரம் தங்க வந்தவர்கள் ஒரு பக்கம், ஆண்டு முழுவதும் தங்க வந்தவர்கள் மறுபக்கம்.

விடுமுறையில் காலியான அறைகளை நிரப்ப நிர்வாகம் குறுகிய காலத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியதும் சமையலறை சத்திரமாகிவிட்டது. அடுத்த வாரம் விமானம் ஏறப்போகிறவர் அடைத்துக்கொண்ட கழுவுதொட்டியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு கரிந்த வாணலியின் படம் வரும், ‘இது யாருடையது?’ என்ற கேள்வியோடு. அதன் உரிமையாளர் ஊர்போய்ச் சேர்ந்திருப்பார். நிரந்தரவாசிகள் நால்வர் மட்டும் முறைவைத்துத் துடைத்தோம், முணுமுணுத்துக்கொண்டே.

இதைவிட என்னை வாட்டியது வழியனுப்புதல்தான். எட்டு மாதத்தில் ஒன்பது பேரை வழியனுப்பினேன். பத்தாவதாக வந்தவரிடம் பெயரைத் தவிர எதையும் கேட்கத் தோன்றவில்லை. ‘சமூக வாழ்க்கை’ என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் குறைந்தபட்சத் தங்கல் எத்தனை மாதம் என்பதையும் அதே அளவு எழுத்தில் போட்டால் நன்றாக இருக்கும். அறையைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இப்போது அதுதான்.

இணையம் தனிக்கதை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது பதிவிறக்க வேகம். காணொளிக் கூட்டத்தில் நம் முகம் மற்றவர்களுக்கு ஒழுங்காகத் தெரிவதோ பதிவேற்ற வேகத்தைப் பொறுத்தது. அது போதுமான அளவு இருந்தும் மதிய வேளையில் மட்டும் என் குரல் துண்டு துண்டாகப் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் மைக்ரோவேவ் அடுப்பு என்பதைக் கண்டுபிடிக்கவே இரண்டு மாதமானது. அந்த அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில் சூடாக்குகிறது. என் மடிக்கணினி பிடித்திருந்த வைஃபையும் ஏறக்குறைய அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்; இரண்டும் மோதிக்கொண்டன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியதும் பாதித் தொல்லை ஒழிந்தது, ஈதர்நெட் கேபிள் செருகியதும் மீதியும் போனது.

உடற்பயிற்சிக்கூடம் உண்டு. படம் பார்க்கும் அறையும் உண்டு.

காகித விஷயத்தில் நான் அசட்டையாக இருந்தேன். வாடகை ஒப்பந்தம் என்று நினைத்துக் கையெழுத்திட்டது உரிம ஒப்பந்தம், அதாவது தங்கிக்கொள்ள வெறும் அனுமதி. பல நாடுகளின் சட்டத்தில், வாடகைதாரருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு உரிமதாரருக்கு அதே அளவில் கிடைப்பதில்லை. மின்கட்டண ரசீது நிர்வாகத்தின் பெயரில் வருவதால், வங்கிக் கணக்குத் தொடங்க முகவரிச் சான்று தேடிப் பக்கத்து அறை மாணவி மூன்று வாரம் அலைந்தார். இப்படிப்பட்ட நிறுவனங்கள் பலவும் பிறருடைய கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்துத்தான் நடத்துகின்றன என்பதும் பிறகுதான் உறைத்தது. நிறுவனமே கவிழ்வதும் உண்டு: லண்டனில் கோ-லிவிங்கைப் பெரிதாக நடத்திய தி கலெக்டிவ் 2021இல் நொடித்துப்போனது. அமெரிக்காவின் காமன் என்ற கோ-லிவிங் நிறுவனம் 2024இல் திவாலானது. நம் முன்பணம் யார் கையில், எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் இன்னும் ஆறு மாதம் நீட்டித்திருக்கிறேன். காய்ச்சலில் நான்கு நாள் படுத்திருந்தபோது கதவைத் தட்டி விசாரிக்க ஆள் இருந்தது. தனிவீட்டில் அது நடந்திருக்காது. சமையலறைச் சுவரிலிருந்து தப்பித்து நடைபாதையின் கடைசி அறைக்கு மாறிவிட்டேன். புதிய அண்டை அறை மாணவர் இரவு இரண்டு மணிக்குத்தான் தன் அம்மாவிடம் பேசுவார். அவருடைய ஊரில் அப்போதுதான் பகல். நானும் நள்ளிரவுக் கூட்டங்களில் உரக்கப் பேசுகிறவன் என்பதால் புகார் சொல்ல வாய் வரவில்லை. காதடைப்பான் வாங்கினேன். அவர் எனக்கு முன்பே ஒன்று வாங்கிவிட்டாராம்.