நாடகக் குழுவுக்குக் கமிட்டி: கோயில் நிழலிலா, தனிச் சங்கமாகவா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் நாடகக் குழு என்றால், அதன் பின்னால் சம்பளமில்லாமல் ஓடும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்கள் எந்தக் குடையின் கீழ் நிற்பது என்பதுதான் கேள்வி.

கோயில் நிர்வாகத்தின் துணைக்குழுவாக இருந்தால் தொடக்கம் சுலபம். மண்டபம், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் தயார். திருவிழாக் கூட்டமே பார்வையாளர்கள். ஆனால் கணக்கும் கோயில் கணக்குதான். டிக்கெட் விற்ற பணம் அன்னதானத்தில் கலந்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? கதையிலும் கை வைப்பார்கள். குடிப்பழக்கத்தைப் பற்றி நாடகம் போட்டால், "இங்கே இது வேண்டாமே தம்பி" என்று ஒரு பெரியவர் சொல்லிவிடுவார். நிர்வாகம் மாறினால் முழுவதும் மாறும்.

தனிச் சங்கம் என்றால் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி பதிவு செய்யவேண்டும். குறைந்தது 7 பேர், சங்கத்துக்கென எழுதிய சட்டவிதிகள், ஆண்டுப் பொதுக்கூட்டம். அது முடிந்த 60 நாளுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போகவேண்டும், கணக்கோடு சேர்த்து. செயலாளர் பதவிக்கு யாரும் கை தூக்காததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்! சரி, பலன்? சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட ஒரு பதிவு எண்.

ஆண்டுக்கு ஒரு நாடகம் போதுமென்றால் கோயிலே போதும். பள்ளிகளுக்கும் பக்கத்துத் தோட்டங்களுக்கும் போக ஆசை இருந்தால் சங்கம்தான். ஆனால் பொறுமையான பொருளாளர் ஒருவர் கிடைத்த பிறகு பதிவுப் பாரத்தை நிரப்புங்கள்.