வளவில் குரல் எடுக்கலாம், ட்ரம்ஸ் வேண்டாம்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய நகரத்தார் வீட்டை இசைக்குழுக்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மைக், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் எல்லாம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். காதல் பாட்டுக்கு அடுக்குக் குரல் எடுப்பதென்றால் தாராளமாகப் போகலாம். ட்ரம்ஸ் என்றால் போகாதீர்கள்.

எல்லாம் வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுக்கூடம், செய்யும் வேலை. கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவர். கைதட்டினால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 'டர்ர்ர்' என்று ஓடும். பாட்டு 70 பிபிஎம் (நிமிடத்துக்கு 70 தாள அடி) என்றால் அடிக்கு அடி 0.86 விநாடிதான், முந்தின அடி அடங்குமுன் அடுத்தது வந்து விழும். ஜமுக்காளம் விரித்தால் தரை அடங்கும், சுவர் அடங்காது.

குரலுக்கு அந்தப் பளபளப்பே வரம். 'ஐம் நாட் இன் லவ்' பாட்டுக்கு இங்கிலாந்தின் டென் சிசி குழு ஸ்டாக்போர்ட் ஸ்டுடியோவில் செய்ததை இங்கே செய்து பார்க்கலாம். மூன்று பேர் ஒவ்வொரு சுரத்தையும் 16 தடவை 'ஆ' என்று பாடி, சுரத்துக்கு 48 குரல் அடுக்கி, டேப் வளையமாகச் சுழலவிட்டு, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஃபேடர்களையே வாத்தியம்போல ஏற்றி இறக்கினார்கள். 1975-இல் வந்த பாட்டு. வளையம் வெட்டும் வேலையை இன்று லேப்டாப் பார்த்துக்கொள்ளும்; தொண்டை வேலை அப்படியேதான் இருக்கிறது.

மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, ஒவ்வொரு டேக்குக்கும் ஓரடி இடம் மாறிப் பாடுங்கள். ஒரே இடத்தில் நின்றால் ஒரே எதிரொலி 48 தடவை சேர்ந்து, ஏதாவது ஒரு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு ஒலிக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஃபேடரைத் தொடாமல் 48 பதிவையும் கூட்டினால் பின்னணி இரைச்சல் ஏறத்தாழ 17 டெசிபல் ஏறும். வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லது; முற்றத்துப் புறாக்களை நிறுத்த சுவிட்ச் கிடையாது.

தனிக்குரலையும் கிடாரையும் வளவை ஒட்டிய சின்ன அறையில் எடுங்கள். பாடுபவர் முதுகுப் பக்கம் இரண்டு மெத்தையை நிறுத்தினால் போதும். கிடார் ஆம்ப்புக்கு எஸ்எம்57 மைக், ஸ்பீக்கரை மூடிய துணியிலிருந்து ஓரங்குலம், ஸ்பீக்கர் கோனின் நடுவை விட்டுச் சற்று ஓரமாக.

குறை ஒன்று உண்டு, மின்சாரம். ஆம்ப்பை ஒரு அறையிலும் லேப்டாப்பை வேறு அறையிலும் செருகினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வருகிறது. இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகினால் போய்விடும். எர்த் பின்னைக் கழற்றும் குறுக்குவழி வேண்டாம், ஷாக் அடிக்கும்.