பழைய டிபி பாக்ஸை எப்போது மாற்றுவது? மாற்றிச் சில ஆண்டுகள் ஓட்டிய அனுபவம்

எங்கள் வீட்டில் முன்பு இருந்தவை ஒரு இரும்பு மெயின் ஸ்விட்சும், மரப்பலகையில் வரிசையாகப் பீங்கான் ஃபியூஸ் கேரியர்களும்தான். அவற்றை எடுத்துவிட்டு டிபி பாக்ஸ், அதாவது வீட்டின் ஒவ்வொரு லைனுக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, போட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதில் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்), ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் அணையும் ஸ்விட்ச்) இரண்டும் இருக்கின்றன. மாற்றலாமா, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பழசாகிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. சரியான கம்பி போட்ட ஃபியூஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். ஆனால் அது போகும்போதெல்லாம் யாராவது கையில் கிடைத்த செம்புக் கம்பியை இரண்டு மூன்றாக முறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்புறம் 5 ஆம்பியருக்கென வைத்த ஃபியூஸ் 20 ஆம்பியர் போனாலும் உருகாது. சுவருக்குள் இருக்கும் வயர்தான் உருகும்.

என்னை முடிவெடுக்க வைத்தது லோடு அல்ல, ஷாக். எம்.சி.பி.யோ ஃபியூஸோ மின்சாரம் அளவுக்கு மீறிப் போனால்தான் துண்டிக்கும். ஒருவர் உடல் வழியாகச் சில பத்து மில்லி ஆம்பியர் போனாலே உயிருக்கு ஆபத்து. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கண்ணிலேயே படாது. ஆர்.சி.சி.பி. வேறு மாதிரி: ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண நேரத்தில் கட் செய்துவிடும். வீட்டில் இது இல்லை என்றால் மாற்ற அந்த ஒரு காரணம் போதும் என்பது என் கருத்து.

அடுத்த அறிகுறி சூடு. பாக்ஸ் பக்கத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசனை, எம்.சி.பி. பழுப்பேறியிருப்பது, 'ர்ர்' என்ற சத்தம், இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ஸ்க்ரூ தளர்ந்து இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால்கூட, 16 ஆம்பியர் போகும்போது அந்த ஒரே புள்ளியில் 25 வாட்டுக்கு மேல் சூடு கிளம்பும். பாக்ஸுக்குள் சாலிடரிங் அயர்னைப் போட்டு வைத்த மாதிரி. ஆரம்பத்திலேயே பார்த்தால் எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூவை முறுக்கினாலே சரியாகிவிடும். பஸ்பாரோ (எம்.சி.பி.க்களுக்கு மின்சாரம் தரும் உலோகப் பட்டை) நியூட்ரல் லிங்க்கோ (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டை) கருத்துப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

எம்.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆவதை (தானாக அணைந்துவிடுவதை) மட்டும் வைத்துப் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், ஒன்றரை டன் ஏ.சி. ஏறக்குறைய 8. இரண்டும் ஒரே 16 ஆம்பியர் லைனில் இருந்தால் எம்.சி.பி. என்ன செய்யும், பாவம்! உண்மையில் அது பொறுமைசாலி. 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், 23 ஆம்பியர் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆக வேண்டும் என்பதுதான் தர விதியே. இதற்குத் தீர்வு தனி லைன். வயர் அதே 2.5 சதுர மில்லிமீட்டராக இருக்க, எம்.சி.பி.யை மட்டும் 32 ஆக்குவது பழைய செம்புக் கம்பிக் கதைதான்.

சரி, மாற்றிய பிறகு எப்படி இருக்கிறது? ஆரம்பத்தில் எரிச்சல்தான். ஆர்.சி.சி.பி. காரணமே தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. தேடிப் பார்த்தால் இன்வெர்ட்டர் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் எங்கோ ஒரு ஸ்விட்ச் போர்டில் சேர்ந்திருந்தன. பிரித்ததும் நின்றது. பிறகு ஒருமுறை கீசர் போட்டாலே விழுந்தது. அதன் காயில் கசிந்துகொண்டிருந்தது. பழைய பலகையாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்தக் கட்டத்தில்தான் பலர் "தொல்லை" என்று ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்துவிடுகிறார்கள்.

குறை என்று சொன்னால், மொத்த வீட்டுக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. என்பதுதான். பாத்ரூமில் கசிந்தால் ஃபிரிட்ஜும் நிற்கிறது. புதிதாகப் போடுபவர்கள் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். முடிந்தால் முக்கியமான லைன்களுக்கு ஆர்.சி.பி.ஓ. வையுங்கள், ஓவர்லோடு, கசிவு இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பாக்ஸில் சில இடங்களைக் காலியாக விடச் சொன்னது நல்லதாயிற்று. பின்னால் வந்த ஏ.சி. லைனுக்குச் சுவரை உடைக்காமல் இடம் கிடைத்தது. டெஸ்ட் பட்டனைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். அது ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று மட்டுமே காட்டும். எர்த்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

பெரிய பாக்ஸ் போட்டால் வீட்டுக்கு வரும் மின்சாரம் கூடிவிடாது. சர்வீஸ் வயரும் அனுமதிக்கப்பட்ட லோடும் பழையபடியே இருந்தால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே எம்.சி.பி. பாக்ஸ் இருந்து, சூடோ கருகலோ இல்லை என்றால் முழுதாக மாற்ற அவசரமே இல்லை. முன்னால் ஒரு ஆர்.சி.சி.பி. சேர்க்க இடமிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வேலை அதோடு முடிந்துவிடும்.