தமிழ் சினிமாப் பாட்டுக்கு எந்தப் பத்தாண்டு மோசம்?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் ஏறினால் இந்தச் சண்டைக்கு ஆதாரம் தானாகக் காதில் விழும். மஞ்சக்குப்பத்தில் என் மாமா 2000-களைத் திட்டுவார். அவர் பையனுக்கு 2010-கள்தான் குப்பை.

மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2000-களின் பெரிய நோய் ரீமிக்ஸ். 1964-இல் 'படகோட்டி'யில் வந்த 'தொட்டால் பூ மலரும்' 2004-இல் 'நியூ' படத்தில் புது வேஷம் கட்டியது. மீனவர் கதையில் வந்த பாட்டு, எங்கள் துறைமுகத்துக் காதுகளுக்கு அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அதே பத்தாண்டில்தான் இசையமைப்பாளர்கள் ஹாரிஸ் ஜெயராஜும் யுவன் சங்கர் ராஜாவும் உச்சத்தில் இருந்தார்கள். மெலடிக்குப் பஞ்சமே இல்லை.

2010-களில்? 2011-இல் 'கொலவெறி' பாட்டு யூடியூபில் பரவியபின், காதலில் தோற்றவன் பெண்ணைத் திட்டும் 'சூப்' பாட்டுகள் வரிசை கட்டின. பல்லவி மட்டும் நினைவில் நிற்கும். சரணம் எங்கே என்று தேட வேண்டும். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2012-இல் கானாவோடு வந்தது பெரிய ஆறுதல்.

என் ஓட்டு? மோசம் 2010-கள்தான். ரீமிக்ஸ் கெட்டாலும் அசல் பாட்டு எங்கும் போய்விடாது. சரணமே எழுதாத பாட்டில் எதைத் தேடுவது? (மாமா இன்னும் என்னோடு பேசவில்லை.)